மின்சாரம் வந்த நேரம்

அதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இடது காலில் ஓயாமல் எரிந்த நரம்பு வலிக்காக ரங்கூனின் லத்தா பகுதியில் ஒரு அக்குபங்சர் வைத்தியரிடம் மின்சார ஊசி வைத்துக்கொண்டிருந்தேன். அன்று ஊசிகளைக் குத்தி, கம்பிகளை மாட்டி, பெட்டியின் குமிழை அவர் கூட்டியபோது மின்சாரம் போனது. குமிழைக் குறைக்காமலே அந்தப் புண்ணியவான் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஊசிகளோடு அசையாமல் கிடந்தேன்.

திடீரென்று மின்சாரம் வந்தது. கால் தூக்கிப்போட்டது, உயிர் போகிற மாதிரி அலறினேன். வழக்கம்போலத் தெருவே மின்சாரம் வந்துவிட்டதென்று பர்மிய மொழியில் "மீ லாபி!" எனக் கூவிக் கைதட்டியதில் என் அலறல் யாருக்கும் கேட்கவில்லை. வாசலில் காத்திருந்த என் கணவரும் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"மீ வந்துருச்சு, பாத்தியா! இன்னிக்கு நமக்கு நல்ல நேரம்."

கம்பிகளைப் பிடுங்கி எறிந்தேன்.

"நீங்க வந்து இதுல படுங்க. நான் கைதட்டுறேன்."