குவாதலூப்பில் ஒரு படையல்

வாழையிலை ஓரத்தில் ஒரு கிளாஸ் ரம். எழுபதுகளில் நானும் என் கணவரும் கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவுக்குப் போய்வந்ததை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது அதுதான். கடலும் எரிமலையும் அப்புறம்தான்.

ஜெர்மனியின் பவேரியாவில், எர்லாங்கன் நகரில் அவருக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலை. சைக்கிளில் போவார், சைக்கிளில் வருவார், சாப்பிடுவார், படுப்பார். திருச்சியில் மாமனார் இறந்த தந்தி எங்கள் கைக்கு வந்தபோது அங்கே தகனமே முடிந்திருந்தது. தந்தியை மடித்து வைத்தவர் அழவில்லை. பிறகு திதியும் கொடுக்கவில்லை. ஊருக்குப் போகலாம் என்றால் பேச்சை மாற்றுவார். அப்பா இல்லாத வீட்டுக்குள் நுழைய அவருக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்காத மனிதரோடு குளிர்காலங்களைத் தள்ளித் தள்ளி நான் சலித்துப்போயிருந்தேன். ஓர் அக்டோபரில் லீவு போட்டுவிட்டு, வெயில் அடிக்கிற இடம் எதற்காவது போவோம் என்றார். நான் புதுச்சேரிக்காரி, பிரெஞ்சு தெரியும். அதனால் பிரெஞ்சு பேசும் குவாதலூப்.

தீவு அழகுதான். காட்டுக்குள் அருவி, கரையில் சுட்ட மீன். ரசிக்கத்தான் இருவருக்கும் தெம்பில்லை. நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாவின் முன்னோர் கரும்பு வெட்ட நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ‘கொலொம்போ’ என்று அவர் வைத்த ஆட்டுக்கறியில் மல்லியும் மஞ்சளும் கடுகும் மணத்தன. இவர் வைத்ததைச் சாப்பிட்டு எழுந்தார்.

அங்கே நவம்பர் தொடக்கத்தில் வரும் கல்லறைத் திருநாளை ஒட்டி இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் வழக்கம் உண்டு. எங்களையும் கூப்பிட்டார்கள். வரிசையாக இலை, சோறு, கறி, வடை. குடிப்பிரியரான, இறந்துபோன தன் கணவரின் இலையில் ரம்மை வைத்துவிட்டு அந்த அம்மா என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்: “நீங்கள் அங்கிருந்தே வந்தவர்கள். நாங்கள் செய்வது சரிதானா? சொல்லித்தர இங்கே யாருமில்லை.”

நான் கிறிஸ்தவ வீட்டுப் பெண், எனக்கென்ன தெரியும்? இவரைப் பார்த்தேன். இவர் இலைகளையே வெகுநேரம் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்குன்னு சொல்லு,” என்றார். பிறகு, “எங்கப்பாவுக்கும் ஒரு இலை போடச் சொல்லு.”

அந்த அம்மா மறுபேச்சில்லாமல் இலை போட்டார். உன் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டார். காபி என்றார் இவர். காபி வந்தது. தன் கையால் அதை இலையருகே வைத்தவர் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் தேற்ற வரவில்லை. பெண்கள் தங்கள் பாட்டுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அழுகை வந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

அடுத்த கோடையில் திருச்சிக்குப் போனோம். அதற்காக அவர் கலகலப்பான மனிதராகிவிடவில்லை. அதே சைக்கிள், அதே மௌனம்.

இப்போது அவரும் இல்லை. அப்பாவுக்குத் திதி என்றைக்கு என்று மகன் போனில் கேட்டான். பஞ்சாங்கமெல்லாம் எனக்குத் தெரியாது, நவம்பர் முதல் தேதி வா, பவேரியாவில் விடுமுறைதானே என்றேன். அப்பாவுக்குப் பிடித்ததைச் சொல், நானே சமைக்கிறேன் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன மனிதர். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.