செம்பருத்தி குடித்த டீ

"நான் போட்ட பூ டீயில ஒரு சொட்டு மிச்சம் வெச்ச ஆளு இன்னும் பொறக்கல" என்று தையல்காரம்மா பிரகடனம் செய்தபோது, அளவு கொடுத்துக்கொண்டிருந்த நாத்தனார் மூச்சைப் பிடித்தபடி தலையாட்டினாள். போன வருடம் அந்த டீயைக் குடித்து முகம் சுளித்த குற்றத்துக்கு, அவள் சட்டை அக்குளில் ஓரங்குலம் குறைந்து வந்திருந்தது.

துணியில் நூலளவு பிசகினாலும் பிரித்துத் தைக்கிற கை அது. டீயில் மட்டும் அதற்கு அளவே கிடையாது. சன்னலோரத் தொட்டியில் அன்றைக்குப் பூத்த செம்பருத்தி அத்தனையும், நேற்றைய தேயிலைச் சக்கையோடு பாத்திரத்தில் விழும். ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்து முடிக்கும்வரை கொதிக்கும். அவள் குடிப்பது மட்டும் காப்பி. தன் பெருமையைத் தானே குடிப்பது அழகல்ல என்ற அடக்கம்.

பெருமைக்கு ஒரே சாட்சி வீட்டுக்காரர். பன்னிரண்டு வருடமாக இரண்டு வேளையும் கோப்பையைக் காலியாகத் திருப்பித் தந்த மகான். "ஒரு நாள் ஒரு குறை சொல்லியிருப்பாரா?" என்று கேட்டே அவள் சொந்தபந்தத்தின் வாயை அடைத்தாள். உண்மைதான். அவர் வாயையே திறப்பதில்லை.

பித்தப்பையில் கல் என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுத்தார்கள். மயக்கம் பாதி தெளிந்ததும், பக்கத்தில் நின்ற மனைவியை நர்ஸ் என்று நினைத்து வாயைத் திறந்தார்.

"சிஸ்டர், வீட்டுல செடி காஞ்சிரும். டீ ஊத்தணும்."

"டீயா?"

"அவ போடுறதுதான். இத்தன வருஷமா செடிதான் அதக் குடிக்குது. உள்ள மிஷின் சத்தம் நிக்கறதுக்குள்ள ஊத்திரணும்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "அந்தச் செடியும் பாவம்தான்."

பக்கத்துக் கட்டில்காரர், தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை வீட்டில் அவள் மூன்று பூவைப் பறித்தாள். அவர் ஊற்றியதைக் குடித்துப் பூத்தவை. அவருக்காகவே மறுபடி மறுபடி கொதித்தவற்றின் வாரிசுகள். வழக்கம்போலக் கொதிக்கவைத்து, வழக்கமில்லாமல் தானே ஒரு வாய் குடித்தாள். துப்பவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

வீட்டில் வேறு யாருமில்லை. மிஷினும் ஓடவில்லை. ஆனாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மீதிக் கோப்பையைத் தொட்டியில் சாய்த்தாள்.