மர ரயில் வாங்கப் போன பெட்டிக்காரர்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கடையில் அவர் பெட்டி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். சூட்கேஸ் சக்கரம், கைப்பிடி, ஜிப், பூட்டு, எல்லாம் பார்ப்பார். வண்டி கிளம்புவதற்குள் முடித்துத் தரச் சொல்லிப் பயணிகள் மூச்சு வாங்க ஓடி வருவார்கள். கழன்ற சக்கரத்தை மாட்ட அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஊரே அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. கோபம் வந்தால் மனைவியும், "பெட்டிக்காரரே, அந்த வாய்க்கும் ஒரு பூட்டுப் போடுங்க" என்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள். ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களோடு புழக்கம். "என் பொண்ணு கையில ஒரு சாமான் உடைஞ்சதே கிடையாது. சின்ன வயசுல வாங்கிக் குடுத்த பொம்மை இன்னும் அட்டைப்பெட்டியிலயே புதுசா இருக்கு, வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார்.

அந்த மகள்தான் ஒருநாள் போன் செய்தாள். "அப்பா, இவனுக்கு மரத்துல ஒரு ரயில் செட் வாங்கலாம்னு இருக்கேன். உடையாத மாதிரி நல்லதா வேணும். நீங்களும் வாங்களேன். சக்கரம் சமாச்சாரம் உங்களுக்குத்தான தெரியும்."

பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. பெட்டிக்காரர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார்.

மகளோடும் பேரனோடும் அவர் நுழைந்த பொம்மைக் கடை அகலமாக, வெளிச்சமாக இருந்தது. நடுவில் ஒரு தாழ்வான மேஜை. அதில் தண்டவாளம் பூட்டி, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவென்றே ஒரு மர ரயிலை விட்டிருந்தார்கள். நாலைந்து வாண்டுகள் அதைச் சூழ்ந்துகொண்டு இடிப்பதும் கவிழ்ப்பதுமாக ஒரே அமர்க்களம்.

பெட்டிக்காரர் அலமாரியிலிருந்து ஒவ்வொரு செட்டாக இறக்கச் சொன்னார். ஒன்றில் பெட்டிகளை இணைக்கும் காந்தம் பசையால் ஒட்டியிருந்தது. "இது பிச்சுக்கிட்டு வரும், புள்ள முழுங்கிடும்" என்று தள்ளி வைத்தார். இன்னொன்றை நகத்தால் சுரண்டினார், பெயின்ட் உரிந்தது. மற்றொன்றின் சக்கரத்தைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார்.

கடைக்காரப் பெண்மணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயா, ரயில் வாங்க வந்தீங்களா, ரயில்வேலருந்து சோதனைக்கு வந்தீங்களா?"

"பேரனுக்கும்மா. எத்தனை தடவை கீழ போட்டாலும் தாங்கணும்."

கடைசியில் ஒன்று அவருக்குப் பிடித்தது. கனமான மரம், மழமழப்பான விளிம்பு, இரும்பு அச்சில் பூட்டிய சக்கரம், மரத்துக்குள்ளேயே புதைத்து மூடிய காந்தம். பேரனிடம் காட்டலாம் என்று திரும்பினார்.

பேரன் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். மற்ற பிள்ளைகள் ரயிலைப் பிடுங்கிக்கொண்டிருக்க, இவன் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டுப் பாரு கண்ணு, இது வெளையாடத்தான் வெச்சிருக்கு" என்றார் கடைக்காரப் பெண்மணி.

குழந்தை அம்மாவைப் பார்த்தான். கை முன்னால் வரவில்லை. "ஒடைஞ்சிடும்" என்றான்.

"யார்றா செல்லம் அப்படிச் சொன்னா?" என்று கேட்டார் பெட்டிக்காரர், சிரித்துக்கொண்டே.

"நான்தான்பா சொல்லிக் குடுத்தேன்" என்றாள் மகள். "நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அந்தச் செவப்பு ரயில் உடைஞ்சப்போ."

குத்திக் காட்டுகிற குரலாக அது இல்லை. கடையில் என்ன விலை என்று கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். பெட்டிக்காரருக்கு எந்தச் சிவப்பு ரயில் என்றே சட்டென்று பிடிபடவில்லை.

"பிளாஸ்டிக் ரயில்பா. நடைபாதைக் கடையில வாங்கிட்டு வந்தீங்களே. நான் அதைப் படிக்கட்டுல ஓட்டினேன், ஒரு சக்கரம் கழண்டு வந்துடுச்சு. சக்கரத்தையும் ரயிலையும் எடுத்துக்கிட்டு வாசல்லயே நின்னுட்டிருந்தேன், நீங்க வந்ததும் மாட்டித் தருவீங்கன்னு."

அவருக்கு மெல்ல ஞாபகம் வந்தது. அன்று கடையில் யாரோ ஒருவன் ஜிப் சரியில்லை என்று ஊர் கேட்கத் திட்டிவிட்டுப் போயிருந்தான். அந்தக் கடுகடுப்போடு வீட்டுக்கு வந்தவர் மகள் நீட்டியதைப் பார்த்தார். "உனக்கெல்லாம் எதுவுமே வாங்கிக் குடுக்கக் கூடாது" என்று கத்தி, அதைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தார். ஊரார் பெட்டிக்கெல்லாம் சக்கரம் மாட்டுகிறவர் சொந்தப் பிள்ளை நீட்டிய சக்கரத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கப்புறம் நான் எதையும் எடுத்து வெளையாடலப்பா. பத்திரமா வெச்சுக்கிட்டேன்" என்றாள் மகள்.

அட்டைப்பெட்டியில் புதிதாகவே இருக்கும் பொம்மை அவர் நினைவுக்கு வந்தது. அதைக் காட்டிக் காட்டி இத்தனை வருஷமாகப் பெருமையடித்திருக்கிறார். காது மடல் சூடாகியது.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார்.

"ஐயோ, அதெல்லாம் எப்பவோ. விடுங்கப்பா. இந்த செட்டயே எடுத்துக்கலாமா?" என்று அவள் பையைத் திறந்துகொண்டு முன்னால் போய்விட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் எப்போதும் பேசுகிற கேலியை அன்று பேசவில்லை. புடவைத் தலைப்பைத் திருகினாள். "அந்தக் கூடையைக் கொட்டினது நான்தான். எடுத்து வைக்கலாமான்னு நெனச்சேன். இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றாள். இன்னொரு ரயில் அவர்கள் வாங்கவே இல்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெட்டிக்காரர் மகள் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். தரையில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பூட்டுவார். பேரன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் எஞ்சினைத் தள்ளிவிட்டு அம்மா இருக்கிற பக்கம் திரும்பிப் பார்ப்பான். ஒருநாள், உடையாது என்று காட்ட, அவர் வேண்டுமென்றே ரயிலைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளினார். சத்தம் கேட்ட குழந்தை அழுதுவிட்டான். மகள் ஓடிவந்து ரயிலை எடுத்து, எங்கேயாவது தெறித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. மாலையானால் ஒவ்வொரு பெட்டியையும் துணியால் துடைத்து, வாங்கியபோது இருந்த அதே வரிசையில் அடுக்கி அலமாரியில் ஏற்றிவிடுவாள்.

"கீழயே கெடக்கட்டுமேம்மா" என்றார் ஒருமுறை.

"எனக்கும் அப்படி விடணும்னுதான்பா இருக்கு. கை கேக்க மாட்டேங்குது" என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு ஞாயிறு. பேரன் ஏதோ நினைப்பில் இரண்டு பெட்டிகளை எடுத்து ஒன்றோடொன்று பலமாக மோதினான். அந்தச் சத்தம் அவனுக்கே பிடித்துவிட்டது போலிருந்தது. மறுபடி மோதினான். சமையலறையிலிருந்து மகள் வேகமாக வந்தாள். வாயைத் திறந்தவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு உள்ளே திரும்பிப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

குழந்தை இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, அம்மா அழுவுறாங்களா?"

பெட்டிக்காரர் எழுந்து சமையலறை வாசல் வரை போனார். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அவள் தோளைத் தொடலாமா என்று நின்றார். அவளைத் தொட்டுப் பேசிப் பழக்கமில்லாத கை. கடைசியில் துண்டை எடுத்து, அவள் கழுவி வைக்க வைக்க ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.