நாலரை அங்குல மண்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு பாறை உண்டு. ஆம்பூரில் இரயில் பாதையைத் தாண்டி, மலைச்சரிவு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது வீடு. படுத்திருக்கும் எருமை அளவுக்குப் பாறை தரைக்கு மேலே தெரியும். கீழே எவ்வளவு போகிறது என்று யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. சாம்பல் நிறம். அதில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடும். சில இடங்களில் நேராக, சில இடங்களில் பிழிந்து போட்ட புடவை மாதிரி முறுக்கிக்கொண்டு.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான்கு நாள் இருந்தது. பச்சைக் குழந்தையை எரிக்கும் வழக்கம் எங்களில் இல்லை. பாறையின் வடக்கு ஓரத்தில் மூன்றடிக் குழி வெட்டி, நானே வைத்து மூடினேன். அடையாளத்துக்கு எதுவும் வைக்கவில்லை. பாறைதான் இருக்கிறதே என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அன்றைய டைரியில் குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எழுதியிருக்கிறேன். வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அதே நாளில், காலையில் பின்பக்கம் பெருக்கிவிட்டு வந்தவள் சொன்னாள்: "கல்லு வளந்துகீது."

எங்கள் பக்கத்தில் கல் வளரும் என்று நம்பாதவர்கள் குறைவு. போன வருஷம் ஏரில் தட்டாத இடத்தில் இந்த வருஷம் தட்டினால், கல் வளர்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். நான் சிரித்தேன். தோல் தொழிற்சாலையில் அளவு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு தோலும் எத்தனை சதுர அடி என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பவனிடம் வந்து கல் வளர்கிறது என்கிறாளே என்று நினைத்தேன்.

"கல்லாவது வளர்றதாவது."

"அளந்து பாருங்களேன். பக்கத்து வீட்ல பசங்கள கதவாண்ட நிக்க வெச்சு கோடு போட்றாங்க. நீங்க இந்தக் கல்ல அளக்க மாட்டீங்களா?"

மர அளவுகோலை எடுத்துவந்தேன். வடக்கு ஓரத்தில் தரையிலிருந்து பாறையின் மேல் விளிம்பிலுள்ள ஒரு வெள்ளை வரி வரைக்கும் அளந்தேன். மூன்றடி இரண்டு அங்குலம். அவள் சொல்வது தவறு என்று நிரூபிப்பதற்காக அளக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறு வருஷம் அரை அங்குலம் கூடியிருந்தது. மர அளவுகோலில் ஏதோ கோளாறு என்று தொழிற்சாலையிலிருந்து இரும்பு அளவுகோலைக் கொண்டுவந்து மறுபடி அளந்தேன். அரை அங்குலம்தான். அவள் ஒன்றும் பெருமையாகச் சொல்லிக்காட்டவில்லை. பாறையின் மேல் தண்ணீர் ஊற்றி, முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

அப்படி ஒன்பது வருஷம் அளந்தோம். மொத்தம் நாலரை அங்குலம் ஏறியிருந்தது. எங்களுக்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. பாறையைச் சுற்றி ஒரு சருகு இருக்கவிடமாட்டாள். தினமும் விடிந்ததும் தென்னந்துடைப்பத்தால் வறட் வறட்டென்று பெருக்கி, தண்ணீர் தெளிப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பாய் வீட்டு அம்மா, வருஷத்துக்கு ஒரு தடவை நான் அளவுகோலோடு குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டால் விடமாட்டார்கள்.

"இன்னாமா, உன் வூட்டுக்காரர் கல்லுக்கும் தோல் கணக்கு எழுதறாரா? ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்திதான் அக்கா," என்பாள் என் மனைவி.

பத்தாவது வருஷம், பாறைகளைப் பற்றி ஆராயும் அரசாங்க அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். வங்காளக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் மேனேஜர், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால், ஒரு வாரம் அவரோடு சுற்றி வரும்படி என்னை அனுப்பினார். தோளில் பை, கையில் சின்னச் சுத்தியல். மலையடிவாரம் முழுக்கப் பாறை பாறையாகத் தட்டி, உடைத்த முகத்தை எச்சில் தொட்டுத் தடவி, ஒற்றைக் கண்ணில் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். தங்கம் இருக்கிறதா என்று என்னை வழியில் நிறுத்திக் கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

அந்த வாரத்தில் அவர் சொன்னதையெல்லாம் டைரியில் எழுதி வைத்தேன். இந்த வரிக்கல் ஆதியில் இப்படி இல்லையாம். வேறு ஏதோ கல்லாக இருந்து, பூமிக்குள் பல மைல் ஆழத்துக்குப் போய், அங்கே சூட்டிலும் பாரத்திலும் மாவு மாதிரி பிசையப்பட்டு, வெள்ளை வெள்ளையோடும் கறுப்பு கறுப்போடும் ஒதுங்கி வரிகளாக நின்றதாம். வயது எத்தனை என்று கேட்டேன். இருநூறு கோடி வருஷத்துக்குக் குறையாது, சரியான கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை என்றார். சரியான கணக்கு இல்லை என்று அவர் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி நாள் சாயங்காலம் வீட்டுக்கு அழைத்துவந்தேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பின்பக்கம் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டார். சுத்தியலை எடுக்கப் போனார். நான் கையைப் பிடித்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சுத்தியலைப் பையில் போட்டுவிட்டு, உள்ளங்கையால் வரிகளைத் தடவிக்கொண்டிருந்தார். பின்வாசற்படியில் நின்ற என் மனைவியிடம் அதன் வயதைச் சொன்னேன்.

"இருநூறு கோடியா?" வாயில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப நம்ம கொழந்த ரொம்பப் பெரியவங்க மடிலதான் படுத்துகீது."

பிறகு, நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"இது வருஷா வருஷம் வளருதே, அது எப்படின்னு அவர கேளுங்க."

அந்த வாரத்தில் பதிலை நானே ஒருவாறு ஊகித்திருந்தேன். வேறு எதையாவது கேட்டுவிட்டு, ஆமாம் என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து பாறையின் அடியைப் பார்த்தார். நான் வருஷா வருஷம் அளவுகோலை வைத்த இடத்துக்குச் சற்று மேலே, மண் ஒட்டிப் பழுப்பேறிய ஒரு பட்டை பாறையைச் சுற்றி ஓடியது. அதை விரலால் காட்டினார். கல் வளர்வதில்லை, மண்தான் போகிறது என்றார். ஒரு காலத்தில் இதன் தலைக்கு மேல் பல மைல் கனத்துக்குப் பூமி இருந்தது, அது முழுவதும் கரைந்து போனதால்தான் கல் வெளிச்சத்துக்கு வந்தது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்றார். இங்கே சரிவு, மழைத்தண்ணீர் அரிக்கிறது என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தினமும் யாரோ பெருக்குகிறார்கள், அதுவும் ஒரு காரணம் என்று சொல்லி, பெருக்குவதுபோல் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"இன்னா சொல்றாரு?"

"கல்லு வளர்ல. வெளிய வருதுன்றார்."

"வெளிய வருதுன்னா?"

"மழைல மண்ணு கரையுதாம். கல்லு இருந்த இடத்துலயேதான் கீதாம்."

மழையோடு நிறுத்திக்கொண்டேன். அவள் வடக்கு ஓரத்தைப் பார்த்தாள். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதிகாரியைப் பயணியர் விடுதிவரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினேன். சாப்பாடு போட்டபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மேல இப்ப எவ்ளோ மண்ணு கீது?"

மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். "ரெண்டடி ஏழரை அங்குலம்."

"போதுமா?"

இதற்கு என்னிடம் அளவு இல்லை. போதும் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்து எழுந்தபோது துடைப்பச் சத்தம் கேட்கவில்லை. பின்பக்கம் போனேன். சரிவின் கீழே, வேலியோரம் தேங்கிக் கிடந்த வண்டலைக் கூடையில் அள்ளிவந்து வடக்கு ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை சேறு. ஏற்கெனவே ஆறேழு கூடை கொட்டியிருந்தாள்.

"சொல்லியிருந்தா நான் அள்ளியிருப்பேனே."

"நீங்க முழுசா சொன்னீங்களா?"

"இன்னா சொல்லல?"

கூடையைக் கீழே வைத்தாள். வலது கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "அவரு இப்டி ஆட்னாரே, அது இன்னா, மழையா?"

நான் கூடையை எடுக்கக் குனிந்தேன்.

"ஒம்பது வருஷமா நானே வாரி வாரிக் கொட்னுகிறேன்," என்றாள். அழவில்லை. "சுத்தமா இருக்கணும்னு."

"நீ பெருக்கினது கொஞ்சம்தான். சரிவுதான் ஜாஸ்தி," என்றேன். "நானும்தான் வருஷா வருஷம் எழுதினேன். எழுதறவனுக்குப் புரியல. உனக்கு எப்படிப் புரியும்?"

இது மட்டும் சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி கூடையை எடுத்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்துவந்தேன். நான் வெட்டி நிரப்ப, அவள் சுமந்தாள். மண் மறுபடி போகாமலிருக்கச் சரிவுப் பக்கம் கல் அடுக்கினேன். அருகம்புல் கொண்டுவந்து நட வேண்டும், அதைப் பெருக்கக் கூடாது என்று அவளே முடிவு செய்தாள்.

வேலிக்கு மேல் பாய் வீட்டு அம்மாவின் தலை தெரிந்தது. "இன்னாமா, காலங்காத்தால பேஜாரு? கல்ல பொதைக்கிறீங்களா?"

என் மனைவி நிமிரவில்லை. "கொழந்த மேல மண்ணு கம்மியாயிடுச்சு அக்கா."

இத்தனை வருஷத்தில் அவள் அதை வேலிக்கு அந்தப் பக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நாங்கள் கொட்டியிருந்த வண்டலில் ஒரு கைப்பிடி எடுத்து, வாய்க்குள் ஏதோ சொல்லி, வடக்கு ஓரத்தில் போட்டார்கள். மறுபடி ஒரு பிடி. இன்னும் ஒரு பிடி. அவர்களில் அடக்கம் செய்யும்போது ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"எங்கள்ல பொம்பளைங்க மண்ணு போடப் போவ மாட்டோம்," என்றார்கள் என் மனைவியிடம். "இது வூடுதானே. ஒண்ணுமில்ல." கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். "பொண்ணா, பையனா?"

"பொண்ணு அக்கா."

"எத்தினி நாளு?"

"நாலு."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு என் மனைவியின் கையிலிருந்த கூடையின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமாகச் சரிவில் இறங்கி, என் மண்வெட்டிக்கு முன்னால் கூடையை வைத்தார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இன்னா பாத்துனு நிக்கறீங்க?" என்றாள் என் மனைவி. "போடுங்க."