மாண்ட்ரியலில் மூன்று துண்டுக் கம்பு விற்றேன்

ஆயுத வியாபாரத்தில் ஒரு சௌகரியம் உண்டு: வாங்க வருகிறவர் முதல் அடியைத் தனக்கே போட்டுக்கொள்வார், விற்கிறவருக்கு ஆபத்து குறைவு.

கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் கடுத்துப்போன சக ஜீவன்களே, நீங்கள் ஜவுளி விற்றிருப்பீர்கள், மருந்து விற்றிருப்பீர்கள். நான் எழுபதுகளில் மாண்ட்ரியல் சைனாடவுனில், தெருமட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு கடையில், குங்ஃபூ ஆயுதங்கள் விற்றேன். புடவை கட்டி, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

என் கணவர் ரகு உலோகவியல் இன்ஜினியர். அவர் வேலைக்காக வந்து மாண்ட்ரியல் புறநகரான லாசாலில் ஒரு அபார்ட்மென்ட்டில் குடியேறியிருந்தோம். கடை முதலாளி மிஸ்டர் லாம் அதுவரை பீங்கான் கிண்ணமும் ஊதுபத்தியும் விற்றவர். சண்டைப் படங்கள் வந்து ஊரே காலைத் தூக்கி உதைக்க ஆரம்பித்ததும் ஹாங்காங்கிலிருந்து வாளும் கம்பும் தருவித்தார். ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்த ஆள் வேண்டும் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார். நான் சென்னையில் காலேஜில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவள். அந்தப் பிரெஞ்சு இங்கே யாருக்கும் புரியவில்லை, ஆனால் மிஸ்டர் லாமுக்கு அது தெரியாது. வேலை கிடைத்துவிட்டது.

சோதனை ஓட்டம்

அதிகம் விலை போனது மூன்று துண்டுக் கம்பு. ஒவ்வொன்றும் கை நீளத்துக்கு மூன்று வெள்ளைக் கட்டைகள், அவற்றைக் கோத்து இரும்பு வளையங்கள். ஓரத்துக் கட்டைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டால் நடுக்கட்டை கேடயம். ஒரு ஓரத்தை விட்டுவிட்டால் அது எங்கே போகும் என்று கம்புக்கும் தெரியாது.

ஒரு பஸ் டிரைவர் வந்தார். கதவை அடைக்கும் உடம்பு. "இங்கே சுற்றக் கூடாது" என்று என் காலேஜ் பிரெஞ்சில் சொன்னேன். சுற்றச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒரே சுற்று. கட்டை தோளைத் தாண்டிப் போய், பின்மண்டையில் தேங்காய் உடைக்கிற சத்தத்தோடு இறங்கியது. நான் ஐஸ் தேடி ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் தலையைத் தடவிக்கொண்டே புன்னகை செய்கிறார்.

"நல்லா வேலை செய்யுது மேடம், கட்டிக் கொடுங்க."

அரசரா, விவசாயியா?

இது எப்படிப் பிறந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். மிஸ்டர் லாம் காத்திருந்ததுபோல் ஆரம்பிப்பார். முன்னொரு காலத்தில் ஒரு வீரரின் கம்பு போர்க்களத்தில் உடைந்துவிட்டது. உடைந்ததை வளையம் போட்டுச் சேர்த்தார். அதிலும் எதிரிகள் விழுந்தார்கள். வீரர் பிறகு பேரரசர் ஆகிவிட்டார்.

அடுத்த வாரம் நரைத்த தலைக்காரர் ஒருவரிடம் அவரே வேறு கதை சொன்னார். அரசரும் இல்லை, போரும் இல்லை. நெல் அடிக்கும் கருவி. நீளக் கட்டையின் நுனியில் குட்டைக் கட்டை தொங்கும். கொள்ளைக்காரர்கள் வந்தபோது விவசாயிகள் கையில் இருந்தது அதுதான். இரண்டு துண்டு பிற்பாடு மூன்று ஆனது. இந்தக் கதையைச் சொல்லும்போது லாமின் கண் லேசாகக் கலங்கக்கூடச் செய்தது.

"இரண்டில் எது நிஜம்?" என்று கேட்டேன். கணக்குப் போடுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"இளவட்டத்துக்கு அரசர், வயசானவங்களுக்கு விவசாயி, நிஜம் வேணும்னு இதுவரைக்கும் யாரும் கடைக்கு வரலை."

காஞ்சிபுரம் கிளை

இன்னொரு புறநகரான பியர்ஃபாண்ட்ஸில் சொந்த பங்களாவில் இருந்த பேராசிரியர் சேஷாத்ரியை நவராத்திரி கொலுவில் சந்தித்து, என் வேலையைச் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே கடையில் ஆஜர்.

"அம்மா, இதெல்லாம் நம்ம சொத்து. காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு துறவி போய்த்தான் சைனாக்காரனுக்குச் சண்டையே கத்துக்கொடுத்தார். நம்ம சிலம்பத்தை மூணா ஒடிச்சா இது. அவர்கிட்ட சொல்லுங்கோ!"

சொன்னேன். மிஸ்டர் லாம் மறுக்கவே இல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேராசிரியர் பல்லவர், கப்பல், கோயில் சிற்பம் என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். கடைசியில், தன் பையனுக்கு நம் பெருமை தெரியட்டும் என்று ஒரு கம்பை வாங்கக் கையில் எடுத்தார். லாம் மிகுந்த மரியாதையோடு அதை அவரிடமிருந்து வாங்கித் திரும்ப மாட்டினார்.

"இது ஹாங்காங் நகல்தான் ஐயா, அசல் உங்க ஊர்லயே கிடைக்கும்போது இதை எதுக்கு வாங்கறீங்க?"

குட்டைப் பாணி

சில்வான் என்ற வாத்தியார் ஒரு மாதாகோயிலின் பேஸ்மென்ட்டில் குங்ஃபூ வகுப்பு நடத்தினார். ஒரு நாள் நொந்துபோய் வந்தார். கூரை தாழ்வு; கம்பைச் சுழற்றினால் டியூப் லைட் உடைகிறது; பாதிரியார் கோபிக்கிறார். "எல்லாக் கட்டையிலும் நாலு விரல் அளவு வெட்டிக் குட்டையாக்கிக் கொடுங்க." வெட்டிக் கொடுத்தோம். எங்களிடம் கயிறு கோத்தது, சங்கிலி கோத்தது, ஒரு துண்டு நீளமும் ஒரு துண்டு குட்டையுமானது என்று ஏற்கெனவே பல வகை இருந்தன. இதற்கு மட்டும் பெயர் கிடையாது.

இரண்டு வருஷம் போனது. சில்வானிடம் படிக்கும் மீசை முளைத்த மாணவர் ஒருவர் வந்து, அலமாரியில் இருந்த கம்பை அளந்து பார்த்து முகம் சுளித்தார். நாலு விரல் கூடுதலாம், சுத்தமானது இல்லையாம். டியூப் லைட் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் இரக்கத்தோடு கையைக் காட்டி நிறுத்தினார்.

"குறுகலான மலைக்குகைகளில் துறவிகள் வளர்த்த பாணி மேடம், வெளியாட்களுக்கு அது தெரிஞ்சிருக்காது."

வளையம் கழன்றது

எழுபதுகள் முடிகிற சமயம். இங்கே பிரெஞ்சு கட்டாயமானதும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக டொரான்டோவுக்கு மூட்டை கட்ட, ரகுவின் கம்பெனியும் போனது. அவரை அழைத்துப் போகவில்லை. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். அப்போது பார்த்துச் சட்டம் வந்தது: சங்கிலியாலோ கயிற்றாலோ இணைத்த கட்டைகளை விற்கக் கூடாது. போலீஸ்காரர் ஒருவர் வந்து கடை முழுக்கத் தொங்கிய சரக்கைப் பார்த்தார். "இதுல மூணு கட்டை இருக்கு, சட்டம் சொல்றது சினிமால சுத்தற ரெட்டைக் கட்டையை" என்று மன்றாடினேன். "இணைஞ்சிருக்கே மேடம். இணைக்காத கட்டை எனக்கு வெறும் மரம். திங்கட்கிழமை வருவேன்" என்றார். நல்ல மனிதர்.

மிஸ்டர் லாம் ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அரசர், விவசாயி எல்லோரும் அவரைக் கைவிட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போய் ரகுவிடம் சொன்னேன். மாதக்கணக்கில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் டூல் பாக்ஸைத் தேடி எடுத்தார். ஞாயிறு பூராவும் மூவரும் வளையம் வெட்டினோம். மத்தியானம் ரகு தன்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடினார். கையெல்லாம் கறுப்பு. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்களன்று போலீஸ்காரர் வந்து, கட்டைக் குவியலைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்த மரத்தை என்ன செய்வது? எங்கள் மாடியில் குடியிருந்த இத்தாலிக்காரி ரோசா, மாவைத் திரட்டுவதற்கு நீளக் கட்டை கிடைக்கவில்லை என்று புலம்புவாள். அவளுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் லாசால் இத்தாலிப் பெண்கள் கடைப்படியில் வரிசையாக இறங்கினார்கள். மிஸ்டர் லாம் ஸ்டூலை விட்டு எழுந்து, கட்டையைத் துடைத்து நீட்டி, பழக்க தோஷத்தில் "முன்னொரு காலத்தில் சைனாவில்..." என்று தொடங்கினார். ரோசா இடுப்பில் கை வைத்தாள்.

"போதும் நிறுத்துங்க, இது எங்க பொலோன்யாவில் கண்டுபிடிச்சது!"

ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதைக் கடைசியாக அதை வாங்கிப் போகிறவர்தான் தீர்மானிக்கிறார் என்பதைத் தவிர, அந்தக் கடையில் நான் உருப்படியாக எதையும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை.