விறகடுப்பு கேட்டு வந்தவர்

கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கொரிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எங்கள் கொரிய மேலாளரின் மனைவி இங்குள்ளவர்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்து, தன் நாட்டவருக்காக இணையத்தில் எழுதுபவர். “உன் வீட்டுக்கு வரட்டுமா?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு அம்மா பிரியாணி செய்து வைத்தாள். வந்தவர் எங்கள் ஃப்ரிட்ஜைப் பார்த்ததும் முகம் சுளித்தார். மிக்ஸியைத் துணி போட்டு மூடச் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே மூடினாள். நைட்டி வேண்டாம், புடவை கட்டட்டும் என்றார். கட்டினாள். பிறகு கொல்லைப்புறத்தைக் காட்டி, அங்கே கல் வைத்து விறகு மூட்டி உட்காரச் சொன்னார். அதுதான் உங்கள் உண்மையான வாழ்க்கை என்றார்.

நான் அதைச் சொன்னதும் அம்மாவின் சிரிப்பு போய்விட்டது.

“இன்னாது, வெறகா? நாள் பூரா அடுத்தவன் கயினில நாத்து நட்டுட்டு வந்து, அந்தப் பொகைய ஊதி ஊதித்தான் என் நெஞ்சு கெட்டுது. காஸ் வந்தப்பறம் இப்பத்தான் மூச்சு வுட்டுகினு கீறேன். இவங்களுக்கு அது வேடிக்கையா? எய்ந்து போவச் சொல்லுடி!”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவரோ கேமராவைத் தூக்கி, கையை வீசிக் கத்திக்கொண்டிருந்த அம்மாவைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரம் அந்தப் படம் அவர் பக்கத்தில் வந்தது. ‘விருந்தாளியைச் சாப்பிடாமல் போக விடமாட்டார்கள் தமிழ்த் தாய்மார்கள்’ என்று கொரிய மொழியில் எழுதியிருந்தார். ‘இவர் என் அம்மா. உங்களை வெளியே போகச் சொல்கிறார்’ என்று அதன் கீழே எழுதினேன். அழித்துவிட்டார். திரும்ப எழுதினேன். இனி அங்கே நான் எழுத முடியாதபடி தடுத்துவிட்டார்.

மேலாளர் கூப்பிட்டு, “சின்ன விஷயம். அவளுக்கு உங்கள் ஊர் ரொம்பப் பிடிக்கும்” என்றார்.

“எங்களைப் பிடிக்கவில்லையே சார். அந்தப் படத்தை நீக்குகிறவரை உங்கள் வீட்டு வேலை எதற்கும் நான் மொழிபெயர்க்க மாட்டேன்.”

சாயங்காலத்துக்குள் படம் போனது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. இப்போது மேலாளரின் மனைவி வேறொரு பெண்ணை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு பழவேற்காடு பக்கம் படமெடுக்கப் போகிறாராம். அவளுடைய நம்பரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.