காற்று தூங்கும் மாதத்துப் பட்டக்காரர்

சட்டைப் பையிலிருந்து ஒரு துணுக்கு இலவம்பஞ்சை எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்து, விரலை விடுகிறார் சேக் மைதீன் அண்ணாச்சி. பஞ்சு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சற்று யோசித்துவிட்டு மேற்கே நகர்கிறது. "இருக்கு" என்கிறார். வயலில் ஒரு புல்கூட ஆடவில்லை. ஆனாலும் அவர் இருக்கு என்றால் எங்கேயோ காற்று இருக்கிறது என்று அர்த்தம். நான் போய்ப் பட்டத்தின் முன்விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

குத்துக்கல்வலசையில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பல வருசம் அரபு நாட்டில், தமாமில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செண்டு பாட்டிலும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்த பெட்டியைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி நின்று திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தது பட்டம். வெள்ளிக்கிழமைதோறும் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் விடுவதைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம்.

பட்டம் என்றதும் குச்சியும் வாலும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இதில் குச்சியே கிடையாது. தலையணை உறைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்த மாதிரி இருக்கும். விரித்தால் ஒரு வேனை மூடலாம். வாய் வழியாகக் காற்றுப் புகுந்தால்தான் அதற்கு உடம்பு வரும். நாலு கயிறு. முன்னால் உள்ள நீலக் கயிறு இரண்டும் பட்டத்தைத் தூக்கும். பின்னால் உள்ள சிவப்புக் கயிறு இரண்டும் அதை அடக்கும். கைக்கு ஒரு பிடி. காற்று பலமாக இருந்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகிற சாதனம் அது. அதைக் காற்று இல்லாத காலத்தில் விடுவதுதான் அண்ணாச்சியின் தொழில்.

அதற்காக அவர் படுகிற பாடு கொஞ்சமல்ல. டீக்கடையில் கிளாசைக் கையில் வாங்கினால் ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் குடிப்பார். கல்யாண வீட்டில் பிரியாணிச் சட்டியைத் திறக்கும்போது எல்லாரும் சட்டிக்குள் பார்ப்பார்கள், இவர் சட்டிக்கு மேலே பார்ப்பார். தென்காசிக் கோயில் கோபுர வாசலில் எந்நேரமும் ஆளைத் தள்ளுகிற மாதிரி காற்று வருமே, அதில் அவருக்குத் தீராத பொறாமை.

"ஏ நல்லக்கண்ணு, நீ தெனம் போயி கும்பிடுதல்லா. அதுல கொஞ்சம் நம்ம வயலுக்குத் திருப்பி விடச் சொல்லேன்" என்பார்.

விசுவநாதரிடம் நான் அதையும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். கேட்பதில் தப்பில்லை.

சாரல் மாதத்தில் காற்றுக்கா பஞ்சம், அப்போது விட்டால் என்ன என்று கேட்கலாம். விட்டார். போன ஆடியில், சுந்தரபாண்டியபுரத்தில் என் வயல் முழுக்கச் சூரியகாந்தி பூத்து நின்ற சமயம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த காற்று ஒரே இழுப்பாக இழுத்தது. அண்ணாச்சி மல்லாக்கப் படுத்தபடி பூவுக்குள் புகுந்து, ஒரு சால் உழுத மாதிரி மறுபக்கம் வந்தார். படம் எடுக்க வந்திருந்த வெளியூர்ப் பிள்ளைகள் பூவை விட்டுவிட்டு அவரைப் படம் எடுத்தார்கள். தமாமில் இன்னும் அந்த வீடியோ சுற்றுகிறதாம். எல்லாரும் சிரித்தோம். ஆண்டவன் புண்ணியத்தில் கிணற்றுக்கு இந்தப் பக்கம் வரப்பு தடுத்தது என்பதைப் பிறகுதான் பார்த்தோம்.

அவர் சம்சாரம் மெஹர் பானு மட்டும் அன்றைக்கும் சிரிக்கவில்லை. மறுநாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனிமேல் சாரல் காற்றில் அதைத் தொடக் கூடாது, தொட்டால் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். காற்று தூங்குகிற மாதத்தில் வேண்டுமானால் விட்டுக்கொள்ளலாம். அதுவும் நோன்புக்குப் பிறை பார்ப்பதற்குள் ஒரு தடவையாவது பறக்க வேண்டும்.

"பறக்கலன்னா ஆட்டுக்கொட்டாய்க்கு மேல போட்டுருவேன். நல்ல துணி. வெள்ளாட்டுக்கு நெழலாவது கெடைக்கும்."

அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார். தை பிறந்ததிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் சுடலைமணியின் ஆட்டோவில் பட்டத்தை ஏற்றிக்கொண்டு, உளுந்து எடுத்து வெறுமையாகக் கிடக்கும் என் வயலுக்கு வந்துவிடுவார். பட்டம் ஆள் உயரம் எழும்பும். அப்புறம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாற்போல அப்படியே உட்கார்ந்துவிடும். காற்று போதவில்லை என்று கயிற்றை நீட்டினார். பின்னால் நடந்துகொண்டே இழுத்தார், ஓடிக்கொண்டே இழுத்தார். உட்காருவதை அது விடவில்லை.

"அண்ணாச்சி, அதுக்கும் ஒரு டீ சொல்லட்டா?" என்பான் சுடலைமணி.

பிறை பார்க்கிற நாளும் வந்தது. அன்றைக்கு மெஹர் பானுவும் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கடையின் இஞ்ச் டேப். பட்டத்தை விரித்ததும் குனிந்து அகலம் அளக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எப்போதும் போல விட்டார், எப்போதும் போல அது உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கயிறு நாலையும் கழற்றி, ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டி, மறுமுனையைச் சேர்த்துப் பிடித்து விறைப்பாக இழுத்தார்.

சிவப்புக் கயிறு இரண்டும் நேராக நின்றன. நீலக் கயிறு இரண்டும் ஒரு சாண் தொய்ந்து தொங்கின. முன்கயிறு நீண்டுபோனால் பின்கயிறுதானே பட்டத்தை இழுத்துப் பிடிக்கும், பாவம் அது உட்காராமல் என்ன செய்யும். காற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அண்ணாச்சி நீலக் கயிற்றை மூக்கருகில் கொண்டுபோனார். என்னிடமும் நீட்டினார். துணி சோப்பு வாசனை.

ஐப்பசி அடைமழையில் அவர் வீட்டு மாடியில் மெத்தை உறையும் ஜமுக்காளமும் நனைந்து கனத்துத் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். துணி காயப்போட நல்ல மெல்லிசான நீலக் கொடி, அறுந்தே போகாது போலிருக்கிறதே என்று நினைத்துக்கூட இருக்கிறேன். மெஹர் பானு டேப்பைச் சுருட்டிக்கொண்டு குற்றாலத்து மலையை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி சிவப்புக் கயிறு இரண்டிலும் ஒரு சாண் ஒட்டுக் கயிறு சேர்த்து முடிந்தார். நாலையும் மறுபடி இழுத்துப் பார்த்துப் பட்டத்தில் மாட்டினார். பஞ்சை விட்டார். நான் விளிம்பைத் தூக்கினேன். அவர் மெதுவாக நாலு எட்டுப் பின்னால் வைத்தார். வரிசையாக ஒவ்வொரு உறையும் உப்பி, பட்டம் என் கையை விட்டு, சத்தமே இல்லாமல், மலைக்குச் சரியாக மேலே போய் நின்றது.

"என்ன அண்ணாச்சி செஞ்சீய?" என்று வாயைப் பிளந்தபடி கேட்டான் சுடலைமணி.

"நான் என்னலே செஞ்சேன். காத்து மனசு மாறிட்டு."

மெஹர் பானு அவரைத் திரும்பிப் பார்த்தார். டேப்பை ஆட்டோ சீட்டில் போட்டுவிட்டு வயலில் இறங்கி நடந்து வந்தார். ஒரு கைக்குட்டைகூட ஆடாத காற்று அது. அவர் அண்ணாச்சிக்குப் பின்னால் போய் நின்று, துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் இடுப்பு பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.